தண்ணி குடித்தாலே சதை போடும் குதிரை சினையாக இருந்தால்

சினைக் குதிரையைப் பார்க்க வருகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. வெல்லக்கட்டி, கேரட், ரெண்டு பன், ஒரு சீப்பு வாழைப்பழம் என்று ஏதாவது ஒன்று. நல்ல மனசுதான். பிள்ளைத்தாய்ச்சிக்கு "ரெண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்று சொல்லி ஊட்டுகிற வீடுகள் நம்முடையவை, அந்தப் பாசம் அப்படியே கொட்டகைக்கும் வந்துவிடுகிறது. வயிறு இறங்க இறங்க கொள்ளும் தவிடும் கூடிக்கொண்டே போகும். மெலிந்த குதிரை என்றால் இதைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டிக்கொள்கிற ரகம் ஒன்று இருக்கிறதே, தண்ணி குடித்தாலே சதை போடுகிற உடம்பு என்போமே, அந்தக் குதிரைக்கு இதே பாசம் கடைசியில் குளம்பில் போய் வலியாக இறங்குகிறது.

கொங்குப் பக்கத்தில் இந்த ரகம் நிறைய. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் நின்று பார்த்தால் தெரியும், மார்வாரி, கத்தியவாரி, அப்புறம் நம் நாட்டு மட்டக்குதிரை. மார்வாரி ஜோத்பூர்ப் பக்கத்து வறண்ட பூமியிலிருந்து வந்தது, கத்தியவாரி சௌராஷ்டிரத்திலிருந்து. மழை பொய்த்தால் முள்ளையும் சருகையும் தின்று அடுத்த மழை வரை உயிர்பிடித்து நிற்க வேண்டிய மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய உடம்பு அது. கிடைக்கிற கொஞ்சத்தையும் வீணாக்காமல் கொழுப்பாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அந்த உடம்பைக் கொண்டுவந்து, வருஷம் முழுக்கக் கிணற்றுத் தண்ணீரில் வளரும் கோ 4 தீவனப்புல், வேளை தவறாமல் கொள்ளு, வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் சவாரி என்று வைத்தால் என்ன ஆகும்? பஞ்சத்துக்கென்று சேர்க்கிறது, பஞ்சம் வருவதே இல்லை. கழுத்தின் மேல்வரம்பு தடித்து ஒரு பக்கமாகச் சாயப் பார்க்கும், வாலடியில் சதை மெத்தென்று நிற்கும். பார்க்கிறவர்கள் "குதிரை தளதளன்னு இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள்.

இதில் சினையும் சேர்ந்தால் கணக்கு இன்னும் நுணுக்கமாகிறது. குதிரைக்குச் சினைக்காலம் சுமார் 340 நாள், பதினோரு மாதம். 320 நாளில் போடுவதும் உண்டு, 360 தாண்டியும் இழுப்பதும் உண்டு. இந்தப் பதினோரு மாதத்தில் குட்டி வளர்வது ஒரே சீராக இல்லை. முதல் ஏழு எட்டு மாதத்தில் மெல்ல மெல்லத்தான் வளரும், பிறக்கும்போது இருக்கும் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதத்துக்கு மேல் கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறுகிறது. அதனால் சினை பிடித்தது என்று தெரிந்த அன்றே தீவனத்தைக் கூட்டுகிற பழக்கத்துக்கு அடிப்படையே கிடையாது. ஆறு மாத வயிற்றில் இருக்கும் குட்டிக்குத் தாயிடமிருந்து வேண்டிய சக்தி மிகக் குறைவு. கூட்டிப் போட்டது தாயின் முதுகில்தான் படியும்.

சரி, கடைசி மூன்று மாதத்தில் எவ்வளவு கூடுகிறது? அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2007இல் வெளியிட்ட அட்டவணையைத்தான் உலகம் முழுக்கக் குதிரைத் தீவனத்துக்கு அடிப்படையாக வைக்கிறார்கள். அதில் 500 கிலோ குதிரைக்குக் கணக்கு இருக்கிறது. வேலையில்லாமல் சும்மா நிற்கும் குதிரைக்கு ஒரு நாளைக்கு 16.7 மெகாகலோரி சக்தி வேண்டும், பதினோராம் மாதச் சினையில் 21.4. அதாவது கால்வாசிக்குச் சற்று மேல்தான் கூடுகிறது. புரதம் 630 கிராமிலிருந்து 893 கிராமுக்குப் போகிறது, ஏறக்குறைய நாற்பது சதவீதம். கால்சியம் 20 கிராமிலிருந்து 36, பாஸ்பரஸ் 14லிருந்து 26. இவை ரெண்டும் கிட்டத்தட்ட இரு மடங்கை நெருங்குகின்றன.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த விஷயம் இந்த எண்களுக்குள்தான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சக்தி கொஞ்சமாகக் கூடுகிறது, எலும்புக்கும் சதைக்குமான சரக்கு நிறையக் கூடுகிறது. சாதாரணக் குதிரைக்குத் தீவனத்தை ஒட்டுமொத்தமாகக் கொஞ்சம் கூட்டினால் எல்லாமே ஓரளவு கூடிவிடும். கொழுக்கும் குதிரைக்கு அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது, ஏனென்றால் அதன் சக்தித் தேவை முதலிலேயே மற்றதைவிடக் குறைவு, சேமிப்பும் உடம்பிலேயே இருக்கிறது. தீவனத்தைக் கூட்டினால் கொழுக்கும். கூட்டாமல் விட்டால் குட்டியின் எலும்புக்கு வேண்டியது போய்ச் சேராது, தாயின் எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். ஆகவே தட்டில் விழும் அளவு பெரிதாக மாறாமல், அதில் இருக்கும் புரதமும் தாதுவும் மட்டும் ஏற வேண்டும். குண்டாக இருக்கிற சினைக் குதிரை ஒரே நேரத்தில் அளவுக்கு மீறித் தின்றதாகவும் சத்துப் பற்றாக்குறை உள்ளதாகவும் இருக்கலாம். இதைப் பலர் நம்புவதில்லை. பளபளவென்று இருக்கிற குதிரைக்கு என்ன குறை என்று கேட்பார்கள்.

கொழுப்பு இருந்தால் என்ன, குட்டி போட்டதும் கரைந்துவிடாதா என்பது அடுத்த கேள்வி. கரையும், அதுவரை தாங்கினால். குதிரைக் குளம்பின் உள்ளே, கால் எலும்பைக் குளம்புச் சுவரோடு பிடித்து நிறுத்துகிற மெல்லிய மடிப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இவை அழற்சி கண்டு இழுபட்டுப் பலம் குறைவதைத்தான் லாமினைடிஸ் என்கிறார்கள். ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக நிற்பது இதற்கு முக்கியக் காரணம். 2007இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், நல்ல ஆரோக்கியமான மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினைத் தொடர்ந்து ரத்தத்தில் ஏற்றிப் பார்த்தார்கள், மூன்று நாளுக்குள் லாமினைடிஸ் வந்தது. கொழுத்த குதிரைக்கு இன்சுலின் ஏற்கெனவே கூடுதலாகவே சுரக்கும். சினைக்காலம் அதை இன்னும் கூட்டும், ஏனென்றால் வயிற்றில் இருக்கும் குட்டிக்குச் சர்க்கரை மிஞ்ச வேண்டும் என்று தாயின் உடம்பு இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வருவதும் இந்த வழியில்தான். அதன் மேல் ஒரு படி தவிடும் வெல்லமும் விழுந்தால்? எட்டு ஒன்பது மாத வயிற்றைச் சுமந்துகொண்டு, முன்னங்கால்களை நீட்டிப் பின்பாரத்தில் சாய்ந்தபடி, அடியெடுத்து வைக்க முடியாமல் நிற்கும் குதிரையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. வலிக்கு மருந்து கொடுக்கவும் அப்போது யோசித்து யோசித்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

குட்டிக்கும் பாதிப்பு உண்டு. 2018இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில் கொழுத்த தாய்களின் குட்டிகளையும் அளவான உடம்புள்ள தாய்களின் குட்டிகளையும் ஒன்றரை வயது வரை பின்தொடர்ந்தார்கள். கொழுத்த தாய்களின் குட்டிகளிடம் இன்சுலின் கோளாறும், மூட்டுக் குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறாத குறையும் அதிகமாக இருந்தன. பந்தயத்துக்கோ சவாரிக்கோ குட்டி எடுக்கிறவர்கள் இதை நிச்சயம் மனதில் வைக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே குதிரையின் தீவனத்தைப் பாதியாக வெட்டிவிடாதீர்கள். கொழுத்த சினைக் குதிரையைத் திடீரென்று பட்டினி போடுவது, அதிகமாகப் போடுவதைவிட வேகமாகக் கொல்லும். உடம்புக்கு வெளியிலிருந்து சக்தி வருவது சட்டென்று நின்றால் சேமிப்புக் கொழுப்பு வெள்ளமாக ரத்தத்தில் இறங்கும். ஈரல் அதைச் சமாளிக்க முடியாமல் தானே கொழுப்பேறிச் செயலிழக்கும். ஹைப்பர்லிபீமியா என்று பெயர். மட்டக்குதிரைக்கும் கழுதைக்கும் அதிகம் வரும், அதிலும் குண்டாக, கடைசி மாதச் சினையில், ஏதோ ஒரு பதற்றத்தில் இருக்கும் பெட்டைக்குத்தான் முதலில் வரும். வண்டியில் ஏற்றி ஊர் மாற்றுவது, பழகிய துணையைப் பிரிப்பது, பல்வலி, காய்ச்சல் எதுவாகவும் அந்தப் பதற்றம் இருக்கலாம். முதல் அறிகுறி வெறும் மந்தம், தீவனத்தில் விருப்பமின்மை. கடைசி மூன்று மாதத்தில் குண்டுக் குதிரை ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் நின்றால் "சூடு பிடிச்சிருக்கும், நாளைக்குச் சரியாயிடும்" என்று விடாமல் அன்றே மருத்துவரை வரவழைத்து ரத்தத்தில் கொழுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். தாமதமானால் தாயும் குட்டியும் பிழைப்பது கஷ்டம்.

அப்படியென்றால் இளைக்க வைப்பது எப்போது? சினைக்கு விடுவதற்கு முன்னால்தான் சரியான காலம். அது தவறிவிட்டால் முதல் ஆறு ஏழு மாதத்தில் மெதுவாக, அதுவும் தீவனத்தைவிட நடையைக் கூட்டி. அதற்கப்புறம் இளைக்க வைக்கிற பேச்சே வேண்டாம், கொழுப்பு மேலே ஏறாமல் பார்த்துக்கொண்டாலே போதும். இன்னொன்று, கடைசி மாதங்களில் குட்டி, நஞ்சுக்கொடி, நீர் எல்லாம் சேர்ந்து எடை கூடத்தான் வேண்டும். அந்த நேரத்தில் மொத்த எடை கூடாமல் நின்றால், தாய் தன் சதையைக் கரைக்கிறது என்று பொருள். கொஞ்சம் கொழுப்பு அப்படிக் கரைவதில் தவறில்லை, நிறையக் கரைந்தால் கவனிக்க வேண்டும்.

உடம்பைக் கண்ணால் அளக்க முடியாது. வயிறு பெருத்திருந்தால் குண்டு என்றும், விலா தெரிந்தால் மெலிவு என்றும் நினைத்துக்கொள்கிறோம். பத்தாம் மாதத்தில் வயிற்றுப் பாரம் தோலைக் கீழே இழுப்பதால் நல்ல கொழுப்புள்ள குதிரைக்கும் விலா தெரிகிற மாதிரி இருக்கும். கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஹென்னெக்கேயும் அவர் குழுவினரும் 1983இல் வெளியிட்ட 1 முதல் 9 வரையான அளவுகோல் இதற்குத்தான். கழுத்து மேல்வரம்பு, பிடரிமேடு, தோள்பட்டைக்குப் பின்புறம், விலா, இடுப்பு, வாலடி என்று ஆறு இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறது. 5 என்றால் விலா கண்ணுக்குத் தெரியாது, விரலை வைத்தால் உடனே தட்டுப்படும். சினைக்குதிரை 5க்கும் 6க்கும் இடையில் நின்றால் மனநிம்மதி. விலாவைத் தேடி அழுத்தவேண்டியிருந்தால், தோளுக்குப் பின்னால் சதை மெத்தையாகத் தட்டுப்பட்டால், 7ஐத் தாண்டிவிட்டது. மாதத்துக்கு ஒரு தடவை ஒரே ஆள் தொட்டுப் பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

எடைக்கு டேப் போதும். நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து அதையே அதனால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்ட முனை வரையான நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 165, நீளம் 152 என்றால் 348 கிலோ. வயிறு இறங்கிய மாதங்களில் இது சரியாக வராது, அதனால் சினையின் ஆரம்பத்திலேயே ஒரு தடவை எடுத்து வைத்துக்கொண்டால் அதை வைத்தே தீவனக் கணக்கு போடலாம்.

இனி தீவனம். ஆங்கிலத்தில் படித்தால் எல்லாரும் வசந்தகாலப் புல்லைப் பற்றித்தான் எச்சரிப்பார்கள். குளிர்நாட்டுப் புல் ஃபிரக்டான் என்கிற சர்க்கரையைச் சேர்த்து வைக்கும், குண்டுக் குதிரை அதை மேய்ந்தால் குளம்பு போகும். நம் கொழுக்கட்டைப் புல்லும் கோ 4ம் வெப்பநாட்டுப் புற்கள், அவை ஃபிரக்டான் சேர்ப்பதில்லை. ஆகவே நம் ஊரில் குளம்பைக் கெடுப்பது பெரும்பாலும் வாளியில் விழுகிற தவிடு, மக்காச்சோளம், வெல்லம், பழைய ரொட்டிதான். ஆனால் வெப்பநாட்டுப் புல்லுக்கு வேறொரு குணம் இருக்கிறது, சினைக்குதிரை வைத்திருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது: ஆக்சலேட். கொழுக்கட்டைப் புல், நேப்பியர், கினியா, செட்டேரியா எல்லாவற்றிலும் இது உண்டு. புல்லில் இருக்கும் கால்சியத்தை இது இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் குதிரையின் குடலில் கால்சியம் உறிஞ்சப்படாமல் சாணியோடு போய்விடும். மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடுகின்றன, அதனால் காங்கேயம் மாடு கிளுவை வேலி போட்ட கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து நல்ல எலும்போடு வளர்கிறது. அதே கிளுவை வேலிக்குள் மேயும் குதிரைக்கு அந்த வசதி கிடையாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இந்த வகைப் புற்களை மட்டுமே தின்ற குதிரைகளுக்குத் தாடை எலும்பு வீங்கிக் கால் நொண்டுகிற நோய் வந்திருக்கிறது. குட்டியின் எலும்பு உருவாகிற மூன்று மாதத்தில் தாய்க்கு இந்த நிலை வரவிடலாமா?

தவிடு இதை இன்னும் மோசமாக்கும். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் ஒரு சதவீதத்துக்கு மேல், கால்சியம் அதில் எட்டில் ஒரு பங்குகூட எட்டுவதே அரிது. குதிரைக்குத் தீவனத்தில் கால்சியம்தான் பாஸ்பரஸைவிட அதிகம் இருக்க வேண்டும். தவிடு அள்ளித் தின்ற மாவு மில் குதிரைகளுக்கு இந்தத் தலைவீக்கம் வந்து, மேலை நாட்டில் இதை மில்காரர் நோய் என்றே அழைத்திருக்கிறார்கள். ஒரு கைப்பிடித் தவிடு, தாதுஉப்பைக் கலந்து ஊட்ட, போதும். தினம் ரெண்டு கிலோ என்பது சினைக்குதிரைக்குச் செய்கிற கெடுதல்.

கொள்ளுக்கு வருவோம். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழி மனுஷருக்கு. கொள்ளு தின்றால் குதிரை இளைக்கும் என்று யாராவது நினைத்தால் தவறு, கொள்ளிலும் சக்தி அதிகம், அளவு கூடினால் கொழுக்கத்தான் செய்யும். ஆனால் நான் கொள்ளை விடச் சொல்ல மாட்டேன். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம், அதுவும் வளரும் உடம்புக்கு முக்கியமான லைசின் நன்றாக இருக்கிறது. வேலைக்குதிரைக்குக் கிலோக்கணக்கில் போடுவதைக் குண்டுச் சினைக்குதிரைக்கு 400 கிராமுக்குக் குறைத்து, ஊறவைத்து வேகவைத்துக் கொடுத்தால் அது மருந்து மாதிரி வேலை செய்யும். பச்சையாகக் கொடுத்தால் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அப்படியே உள்ளே போகும், அதனால் வேகவைப்பதில் சோம்பல் வேண்டாம். நம் தாத்தாக்கள் சும்மா வேகவைக்கவில்லை.

அடுத்தது குதிரைமசால், லூசர்ன் என்கிற தீவனச்செடி. பெயரிலேயே குதிரை இருக்கிறது, ஆனாலும் நம் ஊரில் குதிரைக்குக் கிடைப்பதைவிட மாட்டுக்குத்தான் அதிகம் போகிறது. கால்சியம் நிறைய, புரதம் காய்ந்த எடையில் பதினாறு பதினெட்டு சதவீதம், மாவுச்சத்து குறைவு. நாம் தேடுகிற அடர்த்தி இதுதான். முழுத் தீவனமாகப் போட்டால் இதுவும் கொழுக்க வைக்கும், புல்லோடு கலந்து கொடுக்க வேண்டும்.

350 கிலோ குதிரைக்கு நான் எப்படிப் போடுவேன் என்று சொல்கிறேன், உங்கள் குதிரையைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். காய்ந்த புல் ஐந்தரை கிலோ, இது அடித்தளம். எட்டாம் மாதம் வரை இதோடு தாதுஉப்பும் உப்பும், கூடவே கையளவு கொள்ளும் போதும். ஒன்பதாம் மாதம் காய்ந்த குதிரைமசால் ஒரு கிலோவும் வேகவைத்த கொள்ளு 400 கிராமும் சேரும், கொள்ளு எடை வேகவைப்பதற்கு முன். பதினோராம் மாதத்தில் மசாலை ரெண்டு கிலோவாக்கலாம், குதிரை உடம்பு அளவுகோலில் 6ஐத் தாண்டியிருந்தால் ஒன்றரையில் நிறுத்தலாம். சுமாராகக் கூட்டிப் பார்த்தால் கடைசி மாதத்துக்கு 15 மெகாகலோரியை ஒட்டியும் 700 கிராம் புரதத்துக்கு மேலும் வருகிறது, அட்டவணையை 350 கிலோவுக்குச் சுருக்கினால் கிடைக்கும் தேவையும் 15 மெகாகலோரி, 625 கிராம் புரதம்தான். கால்சியம் தேவைக்கு மேலேயே கிடைக்கும், ஆக்சலேட்டைச் சமாளிக்க அந்த மிச்சம் வேண்டும். பச்சைப்புல்லாகப் போடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது, கோ 4இல் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 25 கிலோ கட்டு பார்க்க மலை மாதிரி இருந்தாலும் உள்ளே ஐந்து கிலோதான் காய்ந்த சரக்கு.

மொத்தத்தில் காய்ந்த எடைக் கணக்கில் உடம்பு எடையில் ஒன்றரை சதவீதத்துக்குக் கீழே போகவே கூடாது. வயிறு காலியாக நிற்கும் குதிரைக்குக் குடல் புண்ணும் வயிற்றுவலியும் வரும், அதன் பதற்றமே ஹைப்பர்லிபீமியாவுக்கு வழி. அளவைக் குறைத்தால் நேரத்தை நீட்டுங்கள். சின்னக் கண்ணுள்ள நைலான் வலைப்பையில் புல்லைக் கட்டித் தொங்கவிட்டால் ஒரு மணி நேரத்தில் தீர்வதை மூன்று மணி நேரம் மெல்லும். பல் நன்றாக இருந்தால் புல்லில் ஒரு பகுதிக்கு நல்ல சுத்தமான வைக்கோலைக் கலக்கலாம், வாய் வேலை கிடைக்கும், சக்தி ஏறாது. ஆனால் வைக்கோலையே முழுத் தீவனமாக்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும், அதில் சத்தும் இல்லை.

தாதுஉப்பில் கால்சியம், பாஸ்பரஸ் தாண்டி நான் முதலில் பார்ப்பது தாமிரம். குதிரைப்பாலில் தாமிரம் மிகக் குறைவு. அதனால் குட்டி பிறந்த முதல் சில மாதத்துக்கு வேண்டியதைக் கடைசி மூன்று மாதத்தில் தாயின் வயிற்றிலேயே தன் ஈரலில் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பிறக்கிறது. அந்த நேரத்தில் தாய்க்குக் கிடைக்காவிட்டால் அப்புறம் குட்டிக்கு ஈடுகட்டுவது கஷ்டம். குதிரைக்கென்றே செய்த தாதுக்கலவையை, பாக்கெட்டில் போட்ட எடைக்கணக்கில் கொடுங்கள். அதோடு தினம் 30, 40 கிராம் கல்லுப்பு, வெயில் காலத்தில் அதற்கும் மேலே, அப்புறம் எந்நேரமும் தண்ணீர். முழுக்கக் காய்ந்த தீவனத்தில் நிற்கிற குதிரைக்குக் கொஞ்சம் பச்சையும் வேண்டும், காய்ந்த புல்லில் வைட்டமின் ஏயும் ஈயும் நாள்பட நாள்படக் குறைந்துவிடும்.

சினைக்குதிரைப் பக்கமே வரக்கூடாதவை சில. கோழித்தீவனமும், என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மாட்டுத்தீவனமும் முதலில். அவற்றில் சேர்க்கப்படும் மொனென்சின் என்கிற மருந்து கோழிக்கும் மாட்டுக்கும் ஒன்றும் செய்யாத அளவிலேயே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை மூட்டைகள் மலிவாகக் கிடைக்கும், மூட்டையைக்கூட கொட்டகைக்குள் விடாதீர்கள். சவுண்டல், அதாவது சூபாபுல் தழை, ஆட்டுக்கு நல்லது. குதிரைக்குப் பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டும். இளம் பச்சைச் சோளத்தட்டையில் சயனைடு விஷம் உண்டு, சோளம் மேய்ந்த சினைக்குதிரைகளுக்கு மூட்டு மடங்கிய குட்டிகள் பிறந்ததும் பதிவாகியிருக்கிறது. பூஞ்சை பிடித்த மக்காச்சோளம், பூஞ்சை வாசனையடிக்கும் வைக்கோல் எதுவும் வேண்டாம். வருகிறவர்கள் கொண்டுவரும் வெல்லத்துக்குப் பதிலாக ஒரு கேரட்டை மெல்லிசாக நறுக்கி வைத்திருந்து, அதில் ரெண்டு துண்டை அவர்கள் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் திருப்தி.

நடை விஷயத்தில் நம் ஆட்கள் ரொம்பப் பயப்படுகிறார்கள். சினை என்று தெரிந்ததும் கட்டுத்தறியில் கட்டிவிடுவார்கள். ஆரோக்கியமான குதிரைக்கு ஏழு எட்டு மாதம் வரை இதமான சவாரி நல்லதுதான், அதற்கப்புறம் கையில் பிடித்து நடத்தலாம், திறந்த மேய்ச்சல் காட்டில் விடலாம். இன்சுலினைக் கட்டுக்குள் வைக்க நடையைப் போல மலிவான மருந்து இல்லை. வெயிலுக்கு முன் காலையில் முக்கால் மணி நேரம் போதும். குளம்பு சூடாக இருக்கிறதா, கல் மேல் கால் வைக்கத் தயங்குகிறதா என்று அந்த நடையிலேயே கவனிக்கலாம். தயங்கினால் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள், லாமினைடிஸ் வந்த காலை நடக்க வைப்பது அதன் மடிப்புகளைக் கிழிப்பதற்குச் சமம்.

குட்டி போட்ட பின் கணக்கு தலைகீழாகிறது. முதல் மாதங்களில் குதிரை தன் உடம்பு எடையில் மூன்று சதவீதம் அளவுக்குப் பால் கொடுக்கும், 350 கிலோ குதிரைக்குப் பத்து லிட்டர். 500 கிலோ குதிரைக்குச் சக்தித் தேவை 31.7 மெகாகலோரிக்கு ஏறுகிறது, புரதம் ஒன்றரை கிலோவைத் தாண்டுகிறது, கால்சியம் 59 கிராம். இதை முதல் நாளே கொட்டக்கூடாது, பத்துப் பதினைந்து நாளில் படிப்படியாக ஏற்ற வேண்டும், கொள்ளு மாதிரி அடர்தீவனத்தை ஒரே வேளையில் போடாமல் பிரித்துப் போட வேண்டும். பதினோரு மாதமாகக் கையைக் கட்டிக்கொண்டிருந்த நமக்கு இப்போதுதான் கொஞ்சம் சுதந்திரம். சொல்லப்போனால் குண்டுக் குதிரையை அளவுக்குக் கொண்டுவர இயற்கை கொடுக்கிற நல்ல வாய்ப்பே பால் கொடுக்கும் காலம்தான். புரதமும் தாதுவும் முழுதாகக் கொடுத்து, சக்தியை மட்டும் ஒரு பிடி குறைவாக வைத்தால், மிச்சத்தை அது தன் கழுத்திலிருந்தும் வாலடியிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். 7இல் இருந்த குதிரை இப்படி மூன்று நான்கு மாதத்தில் 6க்கு வந்தால் பாலும் குறையாது, மறுசினைக்கும் தடையில்லை. 5க்குக் கீழே இறங்கினால்தான் சினை பிடிப்பது தாமதமாகும்.

குட்டியைப் பிரிக்கிற அன்று தாயின் அடர்தீவனத்தை நிறுத்திவிடுங்கள், பாலும் சீக்கிரம் வற்றும். பெரும்பாலும் அதற்குள் அடுத்த சினை நான்கு ஐந்து மாதம் ஆகியிருக்கும். வெறும் புல்லும் தாதுஉப்பும் மட்டும், மறுபடி எட்டாம் மாதம் வரை.